'டிக்' சத்தத்துக்குப் பின்னாடி 1 நூற்றாண்டு

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. 'டிக்'. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல.

போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோட கோவா போயிருந்தேன். வாடகைக்கு ஒரு ஜெட் ஸ்கீ எடுத்து, ஆபரேட்டரைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு, கரையிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளிப் போய், போட்டோ எடுக்கிறதுக்காக என்ஜினை நிறுத்தினேன். திரும்ப பட்டனை அழுத்தினா 'டிக்'. மறுபடியும் 'டிக்'. காத்து கடல் பக்கமா அடிக்குது, கரை கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகுது. சாஃப்ட்வேர் ஆளுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். இங்க ரீஸ்டார்ட்தான் நோயே.

கடைசியில இன்னொரு ஜெட் ஸ்கீ வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போச்சு. அந்தச் சத்தம் மட்டும் மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. ஊருக்குத் திரும்பி வந்து தேட ஆரம்பிச்சேன். தேடல் போய் நின்ன இடம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், டேட்டன் நகரம்.

1900-களின் தொடக்கத்துல பெட்ரோல் காரை ஸ்டார்ட் பண்றது ஒரு வீர விளையாட்டு. முன்னாடி நின்னு கம்பியைச் செருகிச் சுத்தணும். ஸ்பார்க் நேரம் கொஞ்சம் முந்திட்டா என்ஜின் எதிர்ப்பக்கமா உதைக்கும். கம்பி கையைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டுக்குப் பக்கத்துல வர்ற ஒரு வகை எலும்பு முறிவுக்கு டாக்டர்கள் இன்னைக்கும் 'ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர்'னு சொல்றாங்க. டிரைவர்களுக்கே உரிய முறிவு!

இந்த இடத்துல எல்லாரும் ஒரு கதை சொல்லுவாங்க. பைரன் கார்ட்டர்னு ஒரு கார் தயாரிப்பாளர். டெட்ராய்ட் பெல் ஐல் பாலத்துல ஒரு பெண்ணோட கார் நின்னுபோக, உதவிக்குப் போன அவரைக் கம்பி அடிச்சு, அந்தக் காயத்துலயே இறந்துபோனார். நண்பரை இழந்த கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட், 'இனி இந்தக் கம்பியே வேண்டாம்'னு முடிவு பண்ணார். இது நடந்தது 1910 குளிர்காலம்னு சொல்லுவாங்க. கார்ட்டர் இறந்ததோ 1908-ல. கதை அழகா இருக்கு, தேதிதான் உதைக்குது. லேலண்டுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் வேணும்னு இருந்தது மட்டும் உண்மை.

அதைச் செஞ்சு கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். நம்மள மாதிரி ஒரு இன்ஜினியர். டேட்டன்ல நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில வேலை பார்த்தவர். கடைக்காரர் கையால சுத்திக்கிட்டிருந்த கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்சார மோட்டார் வச்சது அவர்தான். 1909-ல எட்வர்ட் டீட்ஸோட சேர்ந்து டெல்கோவை ஆரம்பிச்சார்.

கார் என்ஜினைச் சுத்துற அளவுக்கு மோட்டார் வச்சா, அது என்ஜின் அளவுக்கே பெருசா இருக்கும்னு அன்னைக்குப் பலர் கணக்குப் போட்டாங்க. அந்தக் கணக்கு, நாள் முழுக்க ஓடுற மோட்டாருக்கு. கெட்டரிங் கல்லாப்பெட்டியில ஏற்கனவே ஒண்ணு பார்த்திருந்தார். சில விநாடி மட்டும் வேலை செய்யற மோட்டாரை, அதோட தகுதிக்கு மேல விரட்டலாம். சூடாகி எரியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். 1911 பிப்ரவரியில கேடிலாக் காருல அது ஓடிச்சு. 1912 மாடல்ல விற்பனைக்கே வந்துடுச்சு. அந்த மாடல்ல என்ஜினைச் சுத்திவிட்ட அதே மோட்டார், என்ஜின் ஓட ஆரம்பிச்சதும் ஜெனரேட்டரா மாறி பேட்டரியை நிரப்பும். காலையில கைமாத்து வாங்கி சாயங்காலம் திருப்பித் தர்ற மாதிரி.

ஆனா அந்தக் கைமாத்து ரொம்பப் பெருசு. சில விநாடிக்கு நூறு ஆம்பியருக்கும் மேல கரண்ட் பாயணும். இதுல ஒரு சின்னக் கணக்கு. வழியில எங்கயோ ஒரு டெர்மினல்ல களிம்பு ஏறி, வெறும் 0.02 ஓம் தடை வந்துடுச்சுன்னு வைங்க. 150 ஆம்பியர் பாய்ஞ்சா 3 வோல்ட் அந்த இடத்துலயே காலி. 12 வோல்ட் பேட்டரியில கால்வாசி! அதே டெர்மினல் வழியா ஒரு சின்ன பல்பு ஜம்முனு எரியும். 'லைட் எரியுதே, டிஸ்ப்ளே வருதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு'ன்னு நாம ஏமாறுறது இங்கதான்.

காருக்கு இது பெரிய பயமா இல்லாம போனதுக்குக் காரணம் உண்டு. கம்பி சுத்துற வழி பல வருஷம் கூடவே இருந்தது. நம்ம ஊர் பழைய அம்பாசடர்லயும் கம்பி போட்டுச் சுத்தலாம். அதுவும் இல்லன்னா நாலு பேர் சேர்ந்து தள்ளி, கியர்ல போட்டு விட்டா வண்டி கிளம்பிடும்.

ஜெட் ஸ்கீயில அந்த ரெண்டு வழியும் அடைஞ்சுபோச்சு. கிளேட்டன் ஜேக்கப்சன்னு ஒரு மோட்டோகிராஸ் பிரியர், 1960-கள்ல தண்ணியில ஓடற பைக்னு கனவு கண்டார். பாம்பார்டியே 1968-ல ஒரு சீ-டூ விட்டாங்க, அது நிலைக்கல. 1970-களின் தொடக்கத்துல கவாசாகி 'ஜெட் ஸ்கீ'ங்கிற பேர்லயே கொண்டு வந்தாங்க. என்ஜின் மூடின கூட்டுக்குள்ள, பின்னாடி தண்ணியை உறிஞ்சித் தள்ளுற பம்ப். சக்கரம் கிடையாது, கிளட்ச் கிடையாது, நின்னு தள்ள தரையும் கிடையாது. கெட்டரிங்கோட கைமாத்துதான் ஒரே வழி. அதையும் உப்புத்தண்ணிக்கு நடுவுல வச்சிட்டோம்.

அதனால சத்தத்தைக் கேளுங்க. சத்தமே இல்லையா? முதல்ல கையில கட்டியிருக்கிற லேன்யார்ட் சரியா மாட்டியிருக்கான்னு பாருங்க. ஓட்டுறவர் விழுந்தா என்ஜின் நிக்கணும்னு வந்த கயிறு அது. கழண்டிருந்தா வண்டி கிளம்பாது. அப்புறம் ஃபியூஸ். 'டிக்டிக்டிக்'னு படபடத்தா பேட்டரியில தெம்பு இல்ல: ரிலே ஒட்டுது, வோல்டேஜ் விழுது, ரிலே விடுது, திரும்ப ஒட்டுது. ஒரே ஒரு 'டிக்'னா, ரிலேவுக்கு உத்தரவு போயிருக்கு, மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரல. அப்போ பேட்டரி முனையில மல்ட்டிமீட்டரை வச்சுக்கிட்டு பட்டனை அழுத்திப் பாருங்க. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினது, அழுத்தினதும் 9-க்குக் கீழ விழுந்தா பேட்டரியைச் சந்தேகப்படுங்க. அசையாம 12-லயே நின்னா, கரண்டே பாயலைன்னு அர்த்தம். களிம்பு டெர்மினல்லயோ, எர்த் வயர்லயோ, ரிலேக்குள்ளயோ இருக்கு. இதையெல்லாம் கரையில செய்யுங்க. சீட்டைத் திறந்து பெட்ரோல் ஆவி வெளியேற நேரம் கொடுத்துட்டுத் தொடுங்க. மூடின கூட்டுக்குள்ள ஒரு பொறி போதும்.

நாலாவது ஒரு சத்தம் இருக்கு. 'டொக்'. மோட்டார் சுத்தப் பார்த்து, சுவத்துல முட்டின மாதிரி நிக்கும். சிலிண்டருக்குள்ள தண்ணி புகுந்திருக்கலாம். தண்ணியை அமுக்க முடியாது. பட்டன்ல இருந்து கையை எடுத்துடுங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டித் தண்ணியை வெளியேத்தத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

எங்க வண்டியில கடைசியில இருந்தது களிம்புதான். கரையில அந்த ஆபரேட்டர் நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி உப்புத்தாளால நாலு தேய் தேய்ச்சு மாட்டினார். ஒரே அழுத்துல ஓடிச்சு. எனக்கு அவர் மேல ஒரு கோபம் பாக்கி இருந்தது. கயிறு கட்டி இழுத்தப்போ, 'ஸ்லோ, ஸ்லோ'ன்னு முன்னாடி போன ஆளைப் பார்த்துக் கத்திக்கிட்டே வந்தார். நத்தை வேகத்துல வந்து சேர்ந்தோம். என்ஜின் ஓடாத ஜெட் ஸ்கீயை வேகமா இழுத்தா, கூலிங் குழாய் வழியா கடல் தண்ணி என்ஜினுக்குள்ள ஏறிடும்னு பிறகுதான் படிச்சேன். அந்த 'டொக்' கேக்காம காப்பாத்தினது அவர்தான்.