சர்வர்வழிப் படத்தொகுப்பில் திட்டச் சிக்கலும் செயல்வேகமும்: ஒரு மாதிரித் திட்டத்தின் வழியாக

சர்வர்வழிப் படத்தொகுப்பில் காட்சிக் கோப்புகள் அனைத்தும் ஒரு பொதுச் சேமிப்பகத்தில் இருக்கும். படத்தொகுப்பாளர் பலர் தத்தம் கணினியிலிருந்து வலையமைப்பு வழியே அவற்றை எடுத்தாள்வர். வேகம் குறையும்போது கோப்புகளின் மொத்த அளவே காரணம் எனக் கொள்வது வழக்கம். திட்டத்தின் சிக்கலே அதைவிட வலுவான காரணம் என்பதும், அச்சிக்கல் மூன்று வகைப்பட்டு வெவ்வேறு உறுப்புகளைத் தாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாதிரித் திட்டம்

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று தயாராவதாகக் கொள்வோம். எழுத்தமைதியால் 7ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இக்கல்வெட்டு, குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டது. ஏழு ராகங்களுக்குரிய ஏழு பிரிவுகளில், நான்கு நான்காகக் கோத்த சுரத்தொகுதிகள் இதில் உள்ளன. பிரிவு ஒவ்வொன்றையும் ஒருவர் பாட நான்கு கேமராக்கள் பதிவு செய்கின்றன. பாடப்படும் சுரத்திற்குரிய எழுத்து பாறைக் காட்சியின் மேல் ஒளிர்கிறது. அடியில் துணைத்தலைப்பு ஓடுகிறது.

ஓட்டங்களின் எண்ணிக்கை

முழு எச்டி தரத்தில், நொடிக்கு 25 பிரேம் வீதம், புரோரெஸ் 422 வடிவக் காட்சி ஒன்று நொடிக்கு 122 மெகாபிட் கேட்கும்; ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 55 ஜிகாபைட். பாறைக் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கையில் ஓர் ஓட்டமே போதும். நான்கு கேமராக் காட்சிகளையும் மல்டிகேமில் ஒருசேர ஓட்டினால் தேவை 488 மெகாபிட்டாகிறது. படத்தொகுப்பாளர் இருவர் ஒரே நேரத்தில் அவ்வாறு செய்தால் 976 மெகாபிட். ஒரு ஜிகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைப்பது 940 மெகாபிட் அளவே. சேமிப்பில் ஒரு பைட்டும் கூடாதபோதே சர்வரின் வாசல் அடைபடுகிறது. நொடிக்கு 38 மெகாபிட் கேட்கும் பிராக்ஸிகளுக்கு, அதாவது மூலக் காட்சிகளின் எளிய படிகளுக்கு, மாறினால் அதே வேலை 304 மெகாபிட்டில் முடியும்.

வெட்டுகளின் நெருக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு பிரேமுக்குரிய நேரம் 40 மில்லிநொடி. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் புதிய இடத்தைத் தேடி வாசிக்கச் சுமார் 12 மில்லிநொடி ஆகும்; ஒரு பிரேம் நேரத்தில் ஒரு தட்டால் மூன்று தாவல்களே இயலும். முன்கூட்டி வாசித்து வைக்கும் உத்தி நீண்ட காட்சிகளில் இதை மறைத்துவிடும். சுரத்திற்கொரு வெட்டு விழும் பகுதியில் ஒவ்வொரு வெட்டும் வேறொரு கோப்புக்குத் தாவுவதால், மொத்த ஓட்டம் குறைவாக இருந்தும் படம் திணறும்.

கணக்கீட்டுச் சுமை

ஒளிரும் எழுத்து, நிறத் திருத்தம், துணைத்தலைப்பு ஆகிய அடுக்குகள் பெரும்பாலும் படத்தொகுப்பாளரின் கணினி மேல் சுமையேற்றுகின்றன. எச்.264 போன்ற வடிவங்களில் ஒரு பிரேமை விரிக்க அதன் அண்டைப் பிரேம்களும் வேண்டும். கோப்பு சிறிதானாலும் உழைப்பு பெரிது. வலையமைப்பை அகலப்படுத்துவதால் இங்குப் பயனில்லை. அடுக்குகளை முன்கூட்டியே ஒரே காட்சியாக ரெண்டர் செய்து வைத்தால் ஓட்டம் சீராகும். ஆனால் கீழடுக்கில் ஒரு மாற்றம் செய்தாலும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும், புதிய கோப்புகளும் சேமிப்பகத்தில் சேரும்.

பதிவுகளின் பெருக்கம்

மூன்றாம் சிக்கல் காட்சியில் இல்லை. காட்சிகளைப் பற்றிய குறிப்புகளில் உள்ளது. எந்தத் துண்டு எந்தக் கோப்பில் எங்குத் தொடங்குகிறது என்பதைத் திட்டக் கோப்பு தாங்குகிறது. பழைய டைம்லைன் பிரதிகள் குவியக் குவியத் திறப்பதும் தானியங்கிச் சேமிப்பும் மெதுவாகின்றன. மென்பொருள்கள் இதை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. அவிட் மீடியா கம்போசர் காட்சிகளை வகைப்படுத்தி வைக்கும் ஒவ்வொரு பின்னையும் (bin) தனிக் கோப்பாக வைத்து, ஒரு நேரத்தில் ஒருவருக்கே எழுதும் உரிமை தருகிறது. டாவின்சி ரிசால்வின் கூட்டுப்பணி தரவுத்தளத்தை நம்புகிறது. பிரீமியர் புரோ பெரிய திட்டத்தைச் சிறு திட்டங்களாகப் பிரிக்கும் வசதியை 2020இல் கொண்டுவந்தது. மாதிரித் திட்டத்தில் ராகத்திற்கொரு பின் என ஏழாகப் பிரித்தால் எழுதும் உரிமைக்கான காத்திருப்பும் திறக்கும் நேரமும் குறையும்.

முடிவு

மூன்று சுமைகளும் திரையில் ஒரே தடங்கலாகவே தெரிகின்றன. எனவே பிரித்தறிவதற்குச் சோதனை தேவை. பிராக்ஸிக்கு மாறியதும் ஓட்டம் சீரானால் வலையமைப்பையோ தட்டையோ முதலில் ஐயுறலாம். பிராக்ஸிகள் விரிப்பதற்கும் எளியவை என்பதால், மூலக் காட்சியைக் கணினியிலேயே படியெடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்; அதுவும் சீராக ஓடினால் அந்த ஐயம் உறுதிப்படும். விளைவுகளை அணைத்ததும் சீரானால் கணினி காரணம். ஓட்டம் நன்றாயிருந்து திறப்பதும் சேமிப்பதும் மட்டும் தாமதித்தால் திட்டக் கோப்பு காரணம். ஆகவே ஒரு நிலையத்தின் தேவையைக் கணிக்க டெராபைட் கணக்கு போதாது. ஒரே நேரத்து ஓட்டங்கள், அடுக்குகள், ஒரு டைம்லைனில் உள்ள துண்டுகள், உடன் பணிபுரிவோர் ஆகிய நான்கையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.