கீறல் விழுந்த சிடி, டிவிடி: கோல்கேட் போட்டுத் தேய்த்தால் சரியாகுமா?

தீபாவளிக்கு அலமாரியை ஒதுக்கும்போது ஒரு பழைய டிவிடி கையில் கிடைக்கிறது. மேலே மார்க்கர் பேனாவில் "அக்கா கல்யாணம், கிள்ளான், 2007" என்று எழுதியிருக்கிறது. ஆசையாகப் போட்டுப் பார்க்கிறீர்கள். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. உடனே வீட்டில் யாராவது சொல்வார்கள்: "கொஞ்சம் கோல்கேட் போட்டுத் தேய்ச்சுப் பாரேன்!"

அந்த யோசனை முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லாத் தட்டுக்கும் அது பொருந்தாது. அவசரப்பட்டுத் தேய்த்தால், இருப்பதும் போய்விடும்.

இப்போது இதற்கு என்ன அவசியம்?

ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் புதுப்பட விசிடியும் பாட்டு சிடியும் வாங்காமல் வீடு திரும்பியவர்கள் குறைவு. அந்தப் படங்கள் பெரும்பாலும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. 2006-இல் வெளிவந்த யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பில் உள்ள 'மடை திறந்து' பாடலைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். அந்த சிடி கெட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் உங்கள் அக்காவின் கல்யாணம், அரங்கேற்றம், தாத்தா பேசிய அறுபதாம் கல்யாணம் ஆகியவை எந்தத் தளத்திலும் இல்லை. வீட்டில் இருக்கும் அந்த ஒரு தட்டுதான் எல்லாமே.

கீறல் எந்தப் பக்கம்?

முதலில் இதைப் பாருங்கள். சிடி, டிவிடி இரண்டுமே 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பாலிகார்பனேட் தட்டுகள். பளபளக்கும் அடிப்பக்கத்தில்தான் எல்லாம் பதிந்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் சிடியில் தகவல் இருப்பது லேபிள் பக்கம், மெல்லிய பூச்சுக்கு அடியில். டிவிடியில் அது நடுவில், இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு இடையில் இருக்கிறது.

ஆகவே, அடிப்பக்கக் கீறல் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல்தான். மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்த மாதிரி, அது லேசர் ஒளியைத் திசை திருப்பிவிடுகிறது. உள்ளே தகவல் பத்திரமாக இருக்கலாம். பற்பசையில் உள்ள நுண்ணிய தூள் கீறலின் விளிம்புகளைத் தேய்த்து மழுப்புவதால் ஒளி மீண்டும் நேராகச் செல்கிறது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

சிடியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துளைபோல் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் தகவல் அடுக்கே உரிந்துவிட்டது என்று பொருள். அதை எந்தப் பசையாலும் மீட்க முடியாது.

புளூ-ரே தட்டு என்றால் தேய்க்கவே வேண்டாம். பிளேஸ்டேஷன் 4, 5 விளையாட்டுத் தட்டுகளும் இந்த வகைதான். அதில் தகவல் மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் கழுவுங்கள். பல நேரம் கோளாறு கீறல் இல்லை, விரல் ரேகையும் பூஞ்சணமும்தான். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மென்மையான பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப்பாதையில் பதிந்திருப்பதால், குறுக்கே விழும் சிறு கீறலைக் கருவியே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். பாதையோடு ஓடும் நீளக் கீறலில் அது திணறிவிடும்.

இரண்டாவது, வேறு கருவியில் போட்டுப் பாருங்கள். டிவி பிளேயர் படிக்காததைக் கணினியின் டிரைவ் படிக்கலாம். கொஞ்சமாவது படித்தால், தேய்ப்பதற்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள். 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப முயலும். மாப்பிள்ளை வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் அச்சு அசல் ஒரே நகலாக இருந்து, கீறல் வெவ்வேறு இடத்தில் விழுந்திருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரு முழு நகல் உருவாக்கலாம்.

மூன்றாவதுதான் பற்பசை. ஜெல் வேண்டாம், சாதாரண வெள்ளைப் பசை போதும். வேண்டாத ஒரு தட்டில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கடலை அளவு எடுத்து, கீறல் உள்ள இடத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு லேசாகத் தேயுங்கள். சில நிமிடங்கள் போதும். நன்றாகக் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு போடுங்கள். புதிதாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அப்படியும் ஆழமான கீறல் மிஞ்சினால், துளி வாசலின் தடவி, மேற்பரப்பில் எதுவும் ஒட்டாதபடி துடைத்துவிட்டுப் போடலாம். அது பள்ளத்தைத் தற்காலிகமாக நிரப்பும்.

எதைத் தொடவே கூடாது?

நகப்பூச்சு நீக்கி, தின்னர், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். டிஷ்யூ, சட்டை முனை இரண்டும் புதுக் கீறல் போடும். கழுவிய தட்டை வெயிலில் காய வைக்காதீர்கள்.

கீறலே இல்லாமல் படிக்கவில்லையா?

கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் கடையில் விற்ற படங்களைப் போல அச்சடித்தவை அல்ல, கணினியில் பதிவு செய்தவை. அடிப்பக்கம் ஊதா அல்லது நீலச் சாயல் அடிக்கும். அதில் தகவல் ஒரு சாயத்தில் பதிந்திருக்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். காருக்குள் கிடந்த தட்டு என்றால் சொல்லவே வேண்டாம். இதற்குப் பற்பசை மருந்து இல்லை.

அதனால் தட்டைப் புதுசாக்குவது நம் நோக்கமல்ல. அது ஒரே ஒரு தடவை முழுசாக ஓடினால் போதும். அந்த ஒரு தடவையில் நகல் எடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவிடுங்கள். நன்றாக ஓடுகிற தட்டு வீட்டில் இருந்தால், அதை இந்த வாரமே நகல் எடுங்கள். கீறல் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.