சிங்கையில் மனநோயாளரும் தொழிலுரிமையும்

தேக்கா சந்தையைச் சூழ்ந்த நிலப்பகுதியை மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ், அஃதாவது எருமைப்பட்டி, என முன்னோர் வழங்கினர். எருமைகள் கட்டப்பெற்ற அப்பகுதியிலே 1862இல் மனநோயாளரை அடைத்துவைக்கும் காப்பகமும் எழுந்தது. சிராங்கூன் சாலையில் நடப்போருள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

அதற்கு முன்பே, 1841இல், பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடுமிடத்தில் சிறியதொரு காப்பகம் கட்டப்பெற்றிருந்தது. அதுவரை அறிவு பிறழ்ந்தோர்க்குச் சிறையே புகலிடம். 1840இல் சிறையினுள் அத்தகையார் ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிடவே, தனிக் கட்டடம் வேண்டுமென ஆளுநர் பொன்ஹாம் கருதினார். ஆகவே, இத்தீவில் மனநோய் அரசின் கண்ணிற்பட்டது மருத்துவச் சிக்கலாக அன்று, காவற் சிக்கலாகவே. பின்னாளில் முதலாளிமார் கொண்ட அச்சத்தின் வேர் இங்கும் ஒன்று உண்டு எனலாம்.

காப்பகம் 1887இல் சிப்பாய் லைன்ஸ் பகுதிக்கும், 1928இல் இயோ சூ காங் சாலைக்கும் பெயர்ந்தது. 1951இல் அருகிருந்த மரப்பாலத்தை வைத்து உட்பிரிட்ஜ் மருத்துவமனை எனப் பெயர் சூட்டினர். பழிச்சொல் நீங்கட்டும் என்பது நோக்கம். ஆயின் சில ஆண்டுகளில் உட்பிரிட்ஜ் என்பதே பழிச்சொல்லாயிற்று! 1993இல் புவாங்கோக் கிரீனில் மனநலக் கழகம் ஆனது. பெயரை மாற்றுவது எளிது; வேலை கேட்டு வந்தவரின் விண்ணப்பத்தாளை மாற்றுவதோ அரிது. மனநோய் உண்டா எனக் கேட்கும் வினா அத்தாள்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பணியின் இயல்பு வேண்டினாலன்றி அவ்வாறு கேட்பது பாகுபாடு எனச் சிங்கை வழிகாட்டி நெறிகள் திட்டமாகக் கூறியது 2020இலேதான். உண்மையைச் சொன்னால் வேலையில்லை, மறைத்தால் பொய்யன் என்னும் இக்கட்டில் எத்தனை பேர் நின்றனரோ!

வழிகாட்டி நெறி வேறு, சட்டம் வேறு. 2025 ஜனவரி 8ஆம் நாள் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, இனம், சமயம், மொழி முதலியவற்றோடு உடற்குறையும் மனநலக் குறையும் அதில் இடம்பெற்றன. ஆளெடுத்தல், பதவியுயர்வு, பயிற்சி, பணிநீக்கம் ஆகியவற்றில் இவை காரணமாக ஒருவரைத் தாழ்த்துவது சட்டமீறலாம். முறையிட்டவரைப் பழிவாங்குதலும் கூடாது.

எனினும் இச்சட்டம் இருபத்தைந்து பேருக்குக் குறைவான தொழிலகங்களைத் தொடக்கத்தில் விலக்குகிறது. சிராங்கூன் சாலையின் பூக்கடையும் நகைக்கடையும் உணவகமும் பல இவ்வகையினவே. அங்கு நலங்குன்றிய கணக்கர்க்கு இதனால் உடனடிப் பயன் இல்லை. மேலும், வேலை நேரத்தைத் தளர்த்துதல் போன்ற உதவிகளைச் செய்தே தீரவேண்டுமென இச்சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. மனநோயாளர்க்கு வேண்டுவதோ பெரும்பாலும் அத்தகைய சிறு தளர்வுதான்.

இந்தியாவை நோக்கின், அங்கு 1995ஆம் ஆண்டுச் சட்டமே மனநோயைக் குறைபாடுகளுள் ஒன்றாக எண்ணியது. அரசுப் பணியிலிருக்கையில் குறைபாடுற்றவரை நீக்கலாகாது என்றும் விதித்தது. ஆயின் வேலை ஒதுக்கீட்டில் மனநோயாளர்க்கு இடம் வந்தது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே. இடையில் இருபத்தோராண்டு கழிந்தது. சிங்கைச் சட்டம் 2027ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டுள்ளது. சிறு கடைகளுக்கான விலக்கு அதன்பின் ஐந்தாண்டு கழித்து மறு ஆய்வு செய்யப்பெறும்.