சாலையில் கழியும் நேரம்: தலைக்காயம் பற்றி இரண்டு ஆய்வுகள்

சென்னை பாலவாக்கத்தில் ஈ.சி.ஆர். ஓரமாகக் குடியிருப்பவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் நிற்பதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். ஒருவர் 108-க்கு போன் போடுவார், இன்னொருவர் ஆட்டோவை மறிப்பார். அங்கிருந்து சென்ட்ரல் பக்கத்து ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய இடம் அது. அந்தப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு மூளைக்கு என்ன ஆகிறது? இதற்கு விடை தேடுகிறவர்கள் இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது 1989-ல் வெளியானது. அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் நகரத்தின் 822 தலைக்காய நோயாளிகளையும் புதுடெல்லியின் 551 பேரையும் அது ஒப்பிட்டது. டெல்லியில் 11 சதவீதம் பேர் இறந்தார்கள், சார்லட்ஸ்வில்லில் 7.2 சதவீதம். இந்த மொத்தக் கணக்கைவிட என்னை உலுக்கியது ஒரு பிரிவின் கணக்கு. டாக்டர் புருவ எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்துகிறார். ‘கையைத் தூக்குங்க’ என்றால் நோயாளி தூக்குவதில்லை. ஆனால் வலிக்கிற இடத்தைத் தேடி அவர் கை மேலே வந்து, அந்த விரலைத் தள்ளுகிறது. காப்பாற்ற வாய்ப்புள்ள மூளை அது. இந்த நிலையில் வந்தவர்களில் சார்லட்ஸ்வில்லில் 4.8 சதவீதம் பேர் இறந்தார்கள், டெல்லியிலோ 12.5 சதவீதம்.

இப்படிப்பட்டவர்களைப் பல நேரம் கொல்வது முதலில் பட்ட அடி அல்ல, அதன் பிறகு நடப்பவைதான். ரத்தமும் வாந்தியும் மூச்சை அடைக்கும், ஆக்சிஜன் குறையும். உடம்பில் வேறெங்கோ ரத்தம் போய் பிரஷர் இறங்கும். மண்டைக்குள் ரத்தக்கட்டி பெரிதாகும். பலத்த தலைக்காயம் பட்டவர்களில், மேல் பிரஷர் ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே இறங்கியவர்களிடையே இறப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று ராண்டல் செஸ்நட் குழு 1993-ல் காட்டியது.

சார்லட்ஸ்வில்லில் பெரும்பாலோர் ஆம்புலன்ஸில் வந்தார்கள். டெல்லியில் அப்படி வந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் ஐ.சி.யூ. வசதியும் இரண்டு ஊரிலும் ஒன்றல்ல. உயிர் போனது சாலையிலா வார்டிலா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அந்த முடிச்சில் ஓர் இழையை அவிழ்த்தது இரண்டாவது ஆய்வு. அதே செஸ்நட் தலைமையில் பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் நடந்து 2012-ல் வெளியானது. பலத்த தலைக்காயத்தோடு ஐ.சி.யூ.வில் இருந்த 324 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மண்டைக்குள் அழுத்தம் அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். மறுபாதிக்கு சி.டி. ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் வைத்தே சிகிச்சை. ஆறு மாதத்தில் கருவி பொருத்தியவர்களில் 39 சதவீதமும், மற்றவர்களில் 41 சதவீதமும் இறந்திருந்தார்கள். பெயருக்குத்தான் வித்தியாசம். கருவி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இரு தரப்புக்கும் கட்டுக்கோப்பான, தீவிரமான சிகிச்சை கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் விலை உயர்ந்த அந்தக் கருவி இல்லாததால்தான் நம் நோயாளிகள் சாகிறார்கள் என்று இனி யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் இந்தச் சோதனையை நடத்துவதே கடினம், அங்கே கருவி வைப்பது சிகிச்சை நெறியாகிவிட்டது. கருவி இல்லாமல் பழகிய மருத்துவர்கள் இருந்த நாடுகளில்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. ஏழை நாட்டு ஆய்வை இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் பார்வை சாலைப் பக்கமே திரும்புகிறது. இன்றைய பாலவாக்கம் அன்றைய டெல்லி அல்ல. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பணத்துக்காகத் தயங்கி நிற்கும் நேரத்தை அது குறைக்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கு முந்தைய நேரத்தைக் குறைக்க, முதலில் அதை அளக்க வேண்டும். அடிபட்ட நேரம், தூக்கி வந்த வண்டி, வழியில் பார்த்த முதல் பிரஷர், முதல் ஆக்சிஜன் அளவு: இந்த நான்கும் ஒவ்வொரு தலைக்காய கேஸ் ஷீட்டிலும் ஏறட்டும். வலியைத் தேடிக் கை தூக்கியவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று டெல்லிக்கும் சார்லட்ஸ்வில்லுக்கும் பார்த்ததுபோல ஈ.சி.ஆருக்கும் பார்த்துவிடலாம். அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.