தந்தத்தில் தொடங்கிய முழங்கால்

லிஃப்ட் ஒரு நாள் நின்றால் போதும், நம் குடியிருப்பில் மூன்றாம் மாடிப் பெரியவர்கள் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு வண்டிப் பாதை இருப்பதால் முருகனைப் பார்த்துவிடலாம். சொந்த வீட்டு மாடிக்கு என்ன செய்வது? "மூட்டை மாத்திட்டா சரியாயிருமா?" என்ற பேச்சு சாயங்கால பெஞ்சில் அடிக்கடி காதில் விழுகிறது. அந்த மாற்று மூட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை உண்டு.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோகிளஸ் குளுக் என்ற மருத்துவர், காசநோய் அரித்த முழங்காலை எடுத்துவிட்டு, யானைத் தந்தத்தில் செய்த கீலைப் பொருத்தினார். கிருமி உள்ளேயே இருந்ததால் சீழ் வைத்தது, முயற்சி நிலைக்கவில்லை. 1950களில் உலோகக் கீல்கள் வந்தன. ஆனால் முழங்கால் கதவு இல்லையே! மடங்கும்போது அது உருளும், வழுக்கும், லேசாகத் திரும்பவும் செய்யும். கீல் அதற்கு இடம் தராததால் எலும்பில் பதித்த தண்டு நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும்.

1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், சித்தரஞ்சன் ரணாவத் ஆகியோர் உருவாக்கிய மூட்டில் கீலே கிடையாது. தொடை எலும்பின் நுனிக்கு உலோகத் தொப்பி, கீழே பிளாஸ்டிக் தட்டு. காலையே வெட்டுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க: தேய்ந்த பரப்பைச் சில மில்லிமீட்டர் சீவுகிறார்கள், அவ்வளவுதான். பக்கவாட்டுத் தசைநார்கள் அப்படியே இருந்து காலைத் தாங்கும்.

ரணாவத் மத்தியப் பிரதேசத்துக்காரர். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் அவர்தான் அறுவை செய்தார். இந்த ஆப்பரேஷன் நம் வீடுகளில் சகஜமான பேச்சானது அதற்குப் பிறகுதான் என்பேன்.

சென்னையில் நடந்தது இன்னும் பெரிய வேலை. முழங்காலை ஒட்டி எலும்புப் புற்று வந்தால் காலையே எடுப்பதுதான் முன்பெல்லாம் வழக்கம். டாக்டர் மயில்வாகனன் நடராஜன், நோயாளியின் அளவுக்கே செய்த பெரிய உலோக மூட்டைப் பொருத்திப் பலருடைய காலைக் காப்பாற்றினார். 2007இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

விலைக்கும் வரலாறு உண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தபோது, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு சராசரி 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாய்க்கு இறங்கியது (வரி தனி). இது மூட்டுக்கு மட்டும். அறை வாடகையும் டாக்டர் கட்டணமும் வேறு. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று பாக்கி. நியூயார்க்கில் மூட்டு செய்தவர்கள், சம்மணமிட்டுச் சாப்பிடுவதை நினைத்துச் செய்யவில்லை. அதிகம் மடங்கும் மாடல்கள் பின்னால் வந்தாலும், தரையில் உட்கார வேண்டாம் என்றே பல மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே ஆப்பரேஷன் தேதி குறிக்கும் முன்பே வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் கைப்பிடியும் பொருத்திவிடுங்கள். பொதுப் படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த பொதுக்குழுவில் வருகிறது.