வண்டி ஒயரிங்: தமிழ்நாட்டு வரலாறு

வண்டி ஒயரிங் என்பது பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார், விளக்குகள், ஹாரன் ஆகியவற்றை இணைக்கும் செப்புக் கம்பித் தொகுதி. வீட்டில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. வண்டியில் திரும்பும் வழி அதன் இரும்பு உடலே. பட்டறையில் இதை ‘பாடி எர்த்’ என்பார்கள். பாதிக் கம்பி மிச்சம்தான். ஆனால் பாடியின் வடிவமைப்பு மாறினால் ஒயரிங்கும் மாறியே ஆகவேண்டும்.

கொடைக்கானல் கீழ்மலையில் பெரும்பாறை, தாண்டிக்குடி பக்கத்துக் காபித் தோட்டங்களில் ஓடும் ஜீப்புகளில் பாடி எர்த்தின் பங்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐப்பசி மழையிலும் பனிமூட்டத்திலும் எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறுகிறது. ஹெட்லைட் செம்மஞ்சளாக மங்குகிறது. இண்டிகேட்டரைப் போட்டால் பார்க் லைட்டும் கூடவே சிமிட்டுகிறது. பல்பை மாற்றிப் பயனில்லை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் முடுக்கினால் வெளிச்சம் திரும்பிவிடும்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட்ட 1912-ஐ ஒட்டிய காலத்தில் மோட்டார் வண்டிகளில் கம்பிக்கு வேலை குறைவு. கார்பைடு விளக்கே பரவலாக எரிந்தது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்பினார்கள். அதே 1912-இல்தான் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அந்த மோட்டார் கிளம்பும் நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரிக் கேபிள் விரல் தடிமனுக்குப் போனது அதனால்தான். ரப்பர் மேல் பருத்தி நூல் பின்னிய பழைய உறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பி.வி.சி.க்கு இடம் விட்டது.

1961-இல் சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. தாய் நிறுவனமான பிரிட்டனின் லூகாஸ் வழியாகப் பரவிய நிற வழக்கு நம் பட்டறைகளின் எழுத்தறிவாகவே ஆயிற்று: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை பியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட்டும் பின்விளக்கும், கறுப்பு எர்த். ஆங்கில மேனுவலைத் தொடாத எலக்ட்ரீஷியனும் நிறத்தைப் பார்த்தே வழி கண்டார். கார் வரலாற்றில் இந்தக் கல்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, வடிவத்துக்கும் கம்பிக்கும் உள்ள உறவுக்கு நல்ல சான்று. இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வடிவமைத்த இந்தக் காரில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். ஹெட்லைட்டும் அதனோடு சேர்ந்தே போகும். ஆகவே விளக்குக் கம்பிகள் வளையவும் வேண்டும், நடுவே செருகிக் கழற்றவும் வேண்டும். பாடித் துண்டுகள் போல்ட்டால் இணைந்தவை என்பதால் ஒவ்வொரு இணைப்பிலும் எர்த் தளர வாய்ப்புண்டு. பஸ் வேறு வகை. எண்ணூரில் அசோக் லேலண்ட் சேஸிஸைச் செய்து தர, கரூர்ப் பட்டறைகளில் கூடு கட்டி, உள்விளக்கு ஒயரிங்கை அங்கேயே இழுத்தார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் 24 வோல்ட். 60 வாட் விளக்கு காரில் 5 ஆம்பியர் எடுத்தால் இங்கே 2.5 ஆம்பியர் போதும், நீண்ட வண்டிக்கும் கம்பி பருக்கவேண்டியதில்லை.

படகில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். கொடைக்கானல் ஏரியை 1863-இல் அமைத்த வேரே லெவிஞ்ச் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த படகுக்குத் துடுப்பே போதுமாயிருந்தது. கடலுக்குப் போகும் ஃபைபர் படகிலோ எர்த்தாக நிற்க இரும்பு உடல் இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பி இழுக்கவேண்டும். உப்புக்காற்று பட்ட வெறும் செம்பில் பச்சைக் களிம்பு பூத்து, உறைக்குள்ளேயே இழை இழையாக ஊர்ந்துவிடும். வெள்ளீயம் பூசிய செப்பு இழைகளைப் படகுக்குப் பரிந்துரைப்பது அதனால்தான்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ உருவாகத் தொடங்கிய பிறகு ஒயரிங் ‘ஹார்னஸ்’ என்ற தனிப் பொருளாகப் பெருகியது. ஆணி அடித்த பலகையில் கம்பிகளை வரைபடப்படி படுக்கவைத்து, டேப் சுற்றி, சாக்கெட் மாட்டுவது இன்றும் பெருமளவு கைவேலை.

மின்சாரக் கார், பஸ்களில் உயர் அழுத்தக் கேபிளின் நிறம் ஆரஞ்சு. ஓடுவது சில நூறு வோல்ட். இங்கே பாடியை எர்த்தாக நம்புவதில்லை. படகில் போலவே போக ஒன்று, வர ஒன்று என இரண்டும் உறையிட்ட கம்பிகள். அவற்றில் கைவைக்குமுன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, சில நிமிடம் பொறுத்து, மீட்டரால் சோதித்தாக வேண்டும்.