தேசிய விற்பனை வரி (அமெரிக்கா)

சமஷ்டி வருமான வரி முதலியவற்றை நீக்கி, அவற்றின் ஸ்தானத்தில் சில்லறை விற்பனையின்மீது ஒரே வரியை விதிக்கக் கோரி 1999-இல் அமெரிக்கக் காங்கிரஸில் கொண்டுவரப்பட்ட 'ஃபேர் டாக்ஸ்' மசோதாவின்படி, நூறு டாலர் சரக்கின்மேல் ஏறக்குறைய 30 டாலர் வரி ஏறும். ஏற்கெனவே 45 மாநிலங்கள் விற்பனை வரி வாங்கிவருவதால், அவை தம் விகிதத்தை உயர்த்தும் சுதந்திரம் பெயரளவிலேயே எஞ்சும். இதனினும் கடுமையான விஷயம், அரசாங்கங்களும் வரி செலுத்த வேண்டியிருப்பதே: நகராட்சி வாங்கும் தீயணைப்பு வண்டிக்கும், போலீஸ்காரரின் சம்பளத்துக்கும் விதிக்கப்படும் அவ்வரியின் பாரம் உள்ளூர் ஜனங்கள் தலையிலேயே விழும். வட்டிக்கு வருமான வரி இல்லை என்ற அனுகூலத்தால் குறைந்த வட்டியில் விலைபோகும் நகராட்சிக் கடன்பத்திரங்களும் அச்சலுகையை இழக்கும். வசூலித்துத் தரும் மாநிலத்துக்கு மசோதா அளிப்பதோ, வசூலில் கால் சதவீதமே.